கடல் காக்கும் வேலை: பட்டம் பாதி, பேச்சு பாதி

கடல்வாழ் உயிரினங்களைக் காக்கும் ஆய்வாளர் என்றால் நாள் முழுக்க டால்பினோடு நீந்துபவர் என்று நினைத்து வருபவர்கள் முதல் மாதத்திலேயே ஏமாந்துபோவார்கள். விடியற்காலையில் மீன் இறங்குதளத்தில் கணக்கெடுப்பு, பகலில் தரவுப் பகுப்பாய்வு, மாலையில் மீனவர் கூட்டம். இதுதான் அன்றாடம்.

என்ன படிக்கலாம்?

விலங்கியல், கடல் உயிரியல், மீன்வள அறிவியல் மூன்றும் நல்ல தொடக்கம். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி ஆகியவை தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. காட்டுயிர் அறிவியலில் முதுநிலை படிக்க டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் பெயர்பெற்றவை; இடங்கள் குறைவு, போட்டி கடுமை. நீச்சல், புள்ளியியல், வரைபட மென்பொருள் மூன்றையும் கல்லூரி நாள்களிலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஸ்கூபா பயிற்சி செலவு பிடிக்கும். அது பிறகு வரட்டும்.

பேசத் தெரிவது ஏன் முக்கியம்?

குஜராத் கரையோரம் திமிங்கிலச் சுறாக்கள் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொல்லப்பட்டன. மைக் பாண்டேயின் ஆவணப்படம் அதை வெளியுலகுக்குக் காட்டியது. 2001-இல் அந்தச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. ஆனால் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீனவர் மனத்தை மாற்ற முடியாது. 2004-இல் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா தொடங்கிய இயக்கத்தில், ராமகதை சொல்லும் மொராரி பாபு அந்தச் சுறாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாகச் சொன்னார். மீனவர்கள் வலையை அறுத்துச் சுறாவை விடுவித்தார்கள்; அறுந்த வலைக்கு வனத்துறை நிவாரணம் கொடுத்தது. சட்டம், கதை, இழப்பீடு மூன்றும் கைகோத்ததால் நடந்த மாற்றம் இது. பிழைப்புக்கு வழி சொல்லாத விழிப்புணர்வுப் பேச்சு கரையில் எடுபடாது.

பாக் விரிகுடாவிலும் இதே பாடம்தான். அங்கே 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு மேயும் கடற்புல் வெளியில்தான் வலையும் விழுகிறது. வலையில் சிக்கியதை விடுவிப்பவர் மீனவர். அவரை விட்டுவிட்டு எந்த ஆய்வும் அங்கே பலிக்காது.

வேலையும் வருமானமும்

முதல் வேலை பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுத் திட்டப் பணியாகவே கிடைக்கும். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, அதோடு வீட்டு வாடகைப் படி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானியாக, வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் வழியே போக வேண்டும். தொண்டு நிறுவனங்கள், ஆவணப்படம், அறிவியல் இதழியல் ஆகியவையும் உண்டு. எழுதவும் பேசவும் தெரிந்தவருக்கு இரண்டு திட்டங்களுக்கு இடையிலான வறண்ட மாதங்களில் அதுவே கைகொடுக்கும்.

இப்போதே என்ன செய்யலாம்?

ஜனவரி முதல் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்காக இரவு நடை நடக்கிறது. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். அனுமதியின்றி ஆமையையோ முட்டையையோ தொடக்கூடாது, அது குற்றம்.

அடுத்து, ஏதேனும் ஓர் ஆய்வுக் கட்டுரையை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். எட்டாம் வகுப்பு மாணவரிடமும் ஒரு மீனவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். இருவரும் கேள்வி கேட்டால், அந்தப் பக்கத்தை உங்கள் முதல் வேலை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பலாம்.