உவகைக் கலுழ்ச்சி: படைக்குப் போகும் பிள்ளையும் பெற்ற மனமும்

ஜாசின் வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்த தோட்டத்தில், பக்கத்து வீட்டு அண்ணன் இராணுவத்தில் சேர்ந்தபோது நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன். போர்ட்டிக்சனில் பயிற்சி முடித்து, சீருடையில் எடுத்த படத்தை அவர் அனுப்பியிருந்தார். அத்தை அதற்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களையெல்லாம் மாமா வீட்டிற்கு அழைத்துப் போய் அந்தப் படத்தைக் காட்டினார். ஆனால், விளக்கு வைக்கும் நேரத்தில் அத்தை மட்டும் படத்தின்முன் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"பெருமையா இருந்தா ஏன்மா அழுவுறாங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உனக்கு இப்பப் புரியாது. போய்ப் படி."

அம்மா சொன்னபடி படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளியைத் தாண்டிப் பல்கலைக்கழகத்திற்கு வந்து, புறநானூற்றை உரையோடு படித்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

புறநானூற்றுத் தாயர்

மகனைப் போருக்கு அனுப்பிய வீரத் தாயைப் பற்றி முழங்காத தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டி உண்டோ? நானும் முழங்கியிருக்கிறேன். ஆயினும், மேடையில் நாம் சொல்வது பாதிதான். மீதிப் பாதி பாடல்களுக்குள்ளேயே இருக்கிறது.

காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்ட முதியவள், வாளோடு களத்திற்குச் சென்று பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு கிடந்த மகனைக் கண்டதும், அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்கிறாள். பாட்டு அதோடு முடிகிறது. அதில் கண்ணீர் இல்லை. ஆனால், அப்பாடலுக்கு வகுக்கப்பட்ட துறையின் பெயர் 'உவகைக் கலுழ்ச்சி'. உவகை என்றால் மகிழ்ச்சி; கலுழ்ச்சி என்றால் அழுகை. பாட்டு சொல்லாமல் விட்ட கண்ணீரைத் துறை வகுத்தவர் கண்டுகொண்டார். பெருமையும் அழுகையும் இரண்டல்ல, ஒரே உணர்ச்சி என்று அவர் பெயரிட்டது எண்ணி வியக்கத்தக்கது.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாடலில், தமையனையும் கணவனையும் போரில் இழந்த ஒருத்தி, தன் ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்புகிறாள். அவள் துணிவைக் கண்டு புலவர் நடுங்கிய பிறகே பாட்டு தொடங்குகிறது. புகழ்வதற்கு முன் பதறுகிறார்.

பொன்முடியார் பாடிய 312ஆம் பாடல் நாம் நன்கறிந்தது. பெற்று வளர்ப்பது தாயின் கடமை; சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை; வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடமை; நன்னடை நல்குவது வேந்தனின் கடமை. இறுதியில் வரும் மகனின் கடமையைக் கூர்ந்து பாருங்கள். களிற்றை வீழ்த்தினால் மட்டும் போதாது. 'பெயர்தல்' என்றொரு சொல்லும் இருக்கிறது. திரும்பி வருதல் என்பது அதன் பொருள். வீடு திரும்புவதையும் அந்தத் தாய் கடமைக் கணக்கில் சேர்த்துவிட்டாள்!

ஒரு தந்தையின் சம்மதம்

இவை சங்க காலத்தோடு முடிந்துபோனவை அல்ல. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை உருவானது. இந்தியாவை ஒருமுறைகூடப் பார்த்திராத மலாயாத் தோட்டப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். சப்பானியர் ஆட்சிக் காலம் அது. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் பலர் திரும்பாததைத் தோட்டங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் 1925இல் பிறந்த ஜானகியும் படையில் சேர விரும்பினார். வீட்டில் கடும் எதிர்ப்பு. குறிப்பாகத் தந்தை மறுத்தார். பலமுறை வற்புறுத்திய பிறகே சம்மதித்தார். அந்த மறுப்பைக் கோழைத்தனம் என்று யார் சொல்ல முடியும்? அஞ்சாதவர் தரும் சம்மதத்தைவிட, அஞ்சியவர் தரும் சம்மதமே கனமானது. பர்மா வரை சென்ற அந்த மகள், 1945இல் படை பின்வாங்கிய கடும் பயணத்தையும் தாங்கித் திரும்பி வந்தார். 1946இல் ம.இ.கா.வின் தோற்றுநர்களுள் ஒருவரானார். ஜானகி ஆதி நாகப்பன் என நாம் அறிந்த அவருக்கு 2000ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் 2014இல் மறைந்தார்.

திரும்பி வருதல்

'பெயர்தல்' என்ற சொல்லின் கனத்தை அறிய மலாக்காவிலேயே ஓர் இடம் உண்டு. சுங்கை ஊடாங் அருகிலுள்ள தெரெண்டாக் முகாம், 1950களின் பிற்பகுதியில் காமன்வெல்த் படைக்காகக் கட்டப்பட்டது. இன்று அது நம் தரைப்படையின் முகாம். அதனுள் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வியட்நாம் போரின் தொடக்க ஆண்டுகளில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்கள் சிலர் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். குடும்பத்தார் செலவை ஏற்றால்தான் உடல் ஊருக்குப் போகும் என்பது அக்கால விதி. பின்னர் அவ்விதி மாறியது. 2016 ஜூனில், அவ்வீரர்கள் உட்பட 32 ஆஸ்திரேலியர்களின் எச்சங்கள் தெரெண்டாக்கிலிருந்து தாய்நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பெற்றோர் கண்மூடியிருப்பார்கள்?

நிறைவாக

கடற்படையின் முதல் மலேசியத் தளபதியாக 1967இல் பொறுப்பேற்ற கே. தனபாலசிங்கம் நம்மவர் என்று பெருமை பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால், படையில் இருக்கும் பிள்ளையின் வீட்டிற்குப் போனால், பெருமையை மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். "தம்பி எப்போது வருகிறார்?" என்றும் கேளுங்கள். அந்த வீட்டார் காத்திருப்பது அந்தக் கேள்விக்குத்தான்.

எங்கள் தோட்டம் இப்போது செம்பனைக் காடாகிவிட்டது. அத்தை குடும்பம் பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. அண்ணன் இன்னும் பணியில்தான் இருக்கிறார். தீபாவளிக்கு விடுப்புக் கிடைக்காத ஆண்டுகளில், அவர் பங்கு முறுக்கை அத்தை தனி டின்னில் போட்டு மூடி வைக்கிறார். அதை யாரும் திறக்கக்கூடாது. அந்த டின்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் துறையின் பெயர்தான் எனக்கு நினைவுக்கு வரும்.