சொறிமீனுக்கு எத்தனை அறிவு?



உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு வகுத்துக் காட்டிய பழம்பெரும் நூல் நம் தொல்காப்பியம். தொடுவுணர்வு மட்டுமே உடைய புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள் என்கிறது அதன் மரபியல். நாவின் சுவை சேர்ந்தால் ஈரறிவு. மூக்கு சேர்ந்தால் மூவறிவு. கண் சேர்ந்தால் நான்கறிவு. செவி சேர்ந்தால் ஐந்தறிவு. மனமும் சேர்ந்தால் ஆறறிவு. நத்தைக்கு இரண்டாம் படி, எறும்புக்கு மூன்றாம் படி, நண்டுக்கு நான்காம் படி. இப்படிக்கட்டில் சொறிமீனை எங்கே நிறுத்துவது?

சௌந்தாக் கடற்கரையில், அலை ஒதுக்கிய மணலில், உருகாத பனிக்கட்டிபோல் கிடக்கும் உயிரே சொறிமீன். இழுதுமீன், ஜெல்லிமீன் என்றும் கூறுவர். பெயரில் மீன் இருப்பினும் அது மீன் அன்று. எலும்பும் இல்லை, குருதியும் இல்லை, இதயமும் மூளையும் இல்லை. உடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீரே. நம் மியன்மார்க் கடலில் பிடிக்கப்படும் சில வகைகளை உப்பும் படிகாரமும் இட்டுப் பதப்படுத்தி உணவுக்காக வெளிநாடுகளுக்கும் அனுப்புகின்றனர்.

முதலில் தொடுவுணர்வைக் காண்போம். சொறிமீனின் உணர்விழைகளில் கொட்டும் உயிரணுக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் நச்சு நூல் ஒன்று சுருண்டு கிடக்கிறது. ஏதேனும் பட்டால் அது வெடித்துப் பாய்கிறது. இதன் உறவினமான ஐதராவில் அளந்தபோது, அப்பாய்ச்சல் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரத்தில் நிகழ்வது தெரியவந்தது. தொடுகையுடன் இரையின் உடலிலிருந்து கசியும் பொருள்களின் சுவையும் சேர்ந்தால் அது இன்னும் எளிதில் வெடிக்கும். ஆகவே இரண்டாம் அறிவும் இதற்கு உண்டு. நீரில் வாழும் உயிருக்குச் சுவையும் மணமும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் நீரில் கரைந்ததை அறிதல்தானே!

பெற்றோர் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். இறந்து கரையொதுங்கிய சொறிமீனும் கொட்டும். அவ்வுயிரணுக்கள் மூளையின் ஆணைக்குக் காத்திருப்பவை அல்ல. கொட்டுபட்ட இடத்தைத் தேய்த்தலும், குடிநீரால் கழுவுதலும் கூடா. நன்னீர் பட்டால் வெடிக்காதிருந்த அணுக்களும் வெடிக்கும். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் அகற்றுக. மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

இனி, அதன் குடைபோன்ற உடலின் விளிம்பைப் பார்ப்போம். நிலாச் சொறிமீனின் விளிம்பில் பொதுவாக எட்டுச் சிறு முடிச்சுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. உடல் ஒருபுறம் சாய்ந்தால் அப்படிகங்களின் எடை அருகிலுள்ள உணர்மயிர்களை அழுத்துகிறது. துடிப்பின் வலிமை மாறி, உடல் நிமிர்கிறது. குடை சுருங்கி விரியும் துடிப்பை எழுப்புவனவும் இம்முடிச்சுகளே. 1870களில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஜார்ஜ் ரோமேன்ஸ் என்னும் அறிஞர் இவற்றை ஒவ்வொன்றாக வெட்டி நீக்கினார். ஒன்று எஞ்சியிருந்தவரை உடல் துடித்தது. அதையும் நீக்கியபின் பெரும்பாலும் ஓய்ந்தது.

ஆயினும் உணர்வதெல்லாம் தப்புவதற்குப் போதுமா? வலிய நீரோட்டத்தின்முன் அம்மெல்லுடல் என் செய்யும்? தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையம் இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சுகிறது. சில பருவங்களில் அந்நீருடன் சொறிமீன் கூட்டமும் இழுபட்டு வந்து வடிகட்டும் வலைகளை அடைத்துத் தொல்லை தந்திருக்கிறது.

பெட்டிச் சொறிமீன் எனப்படும் பிரிவின் திறன் வேறு. கரீபியன் கடலோர அலையாத்திக் காடுகளில் விரல் நகம் அளவே உள்ள ஒரு வகை வாழ்கிறது. அதற்கு நான்கு முடிச்சுகள். முடிச்சுக்கு ஆறு கண்களாக இருபத்து நான்கு கண்கள்! அவற்றுள் சிலவற்றில் நம் கண்ணில் உள்ளதுபோல் வில்லையும் விழித்திரையும் உண்டு. முடிச்சின் அடியிலுள்ள படிகத்தின் எடையால், உடல் எப்படிப் புரண்டாலும் மேற்கண் வானையே நோக்கி நிற்கும். நீர்ப்பரப்பின் ஊடே மரக்கிளைகளைக் கண்டு, அது காட்டை நோக்கி நீந்துகிறது என்பதை ஆய்வாளர் 2011இல் வெளியிட்டனர். அதன் இரை வேர்களிடையே விழும் ஒளிக்கற்றையில்தான் திரள்கிறது. காட்டை இழந்தால் பட்டினிதான்.

இவ்வளவு கண்கள் இருக்கையில் நான்காம் படியை மறுக்க இயலாது என்பது என் எண்ணம். செவி இல்லை, ஐந்தாம் படியை விட்டுவிடலாம். ஆறாவதான மனம்? இங்கேதான் வியப்பு. டென்மார்க், ஜெர்மனி ஆய்வாளர் 2023இல் வெளியிட்ட சோதனையில், மங்கிய சாம்பல் கோடுகள் வரைந்த தொட்டியில் இவ்வுயிரை விட்டனர். மங்கிய கோட்டைத் தொலைவிலுள்ள வேர் என்று கொண்டு அது முதலில் மோதியது. ஏழரை நிமிடங்களுக்குள் மோதல்கள் பாதியாகக் குறைந்தன. முன்கூட்டியே திரும்பக் கற்றுக்கொண்டது. பின்னர் ஆய்வாளர் ஒரு முடிச்சை மட்டும் தனியே பிரித்தெடுத்து, கோடுகளைக் காட்டியவாறே, மோதலுக்கு ஈடாக மெல்லிய மின்தூண்டலும் தந்தனர். ஏறத்தாழ ஆயிரம் நரம்பணுக்களே கொண்ட அம்முடிச்சு, சிறிது நேரத்தில், மங்கிய கோட்டைக் கண்டதுமே விலகுவதற்குரிய குறிப்பை அனுப்பத் தொடங்கியது.