பொன்முடியில் பத்துப் பேர்

கேள்வி: மார்ச் மாதம் நண்பர்கள் பத்துப் பேர் திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் பறவை பார்க்கப் போகிறோம். எதைத் தேடுவது? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அசம்பு சிரிப்பானைத் தேடுங்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது. உங்கள் ஊரும் அந்த மலைகளின் அடிவாரம்தானே! சோலை ஓரப் புதர்களில் கூட்டமாகத் திரியும்; முதலில் குரல்தான் வரும். அதே அசம்பு மலைகளின் சோலைக்கிளி தனி இனமென்று 2017இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர் முழுக்கப் பறவைக் கணக்கெடுத்தார். அதற்குப் பிறகும் இந்த மலைகளில் புதிதாகச் சொல்ல இவ்வளவு இருந்திருக்கிறது!

நேரே உச்சிக்கு வண்டியை விடாதீர்கள். கல்லாற்றில் விடியும்போதே இறங்கி, ஒரு மணி நேரமாவது நடங்கள். குக்குறுவான் ஓயாமல் கத்தும். வடக்கே திரும்பக் காத்திருக்கும் சாம்பல் வாலாட்டியை ஆற்றுப் பாறைகளில் பார்க்கலாம். அதன் பிறகு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள்.

பத்துப் பேர் ஒன்றாக நடந்தால் பறவை நிற்காது. ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். இது கூடு கட்டும் காலம். எதிரி வந்துவிட்டதென்று அது அலைக்கழியும். இருவாச்சிக் கூடு தென்பட்டால் உடனே விலகிவிடுங்கள். பொந்துக்குள் அடைபட்டிருக்கும் பெட்டைக்கு ஆண் கொண்டுவரும் பழம்தான் சாப்பாடு. நீங்கள் நிற்கும்வரை அது கிட்டே வராது.