மிலிட்டரி சைடிங் ரயில் எதற்காக?

கேள்வி: சென்ட்ரலில் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று போர்டு போட்ட மின்சார ரயிலைப் பார்க்கிறேன். ராணுவத்துக்கென்று ஏன் தனிப் பாதை?
– வாசகர், திருமுல்லைவாயல்

பதில்: மெயின் லைனிலிருந்து தொடங்க வேண்டும். 1856 ஜூலை 1 அன்று மதராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் விட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் பெயர் பெற்ற ஊர் பூந்தமல்லி; வெள்ளைக்காரச் சிப்பாய்களின் முகாமும் அங்கேதான் இருந்தது. ஆனால் தண்டவாளம் ஆவடி வழியாகப் போனது.

இதன் பலன் இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. ஜப்பான் பர்மா வரை வந்துவிட்ட நேரம். மதராஸ் துறைமுகத்தை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, மெயின் லைனை ஒட்டி, பரந்த நிலம் உள்ள இடம் ஆவடி. ராணுவக் கிடங்குகள் இங்கே எழுந்தன. கிடங்கு என்றால் சைடிங் வேண்டும். தளவாடம் ஏற்றிய வேகன்களை மெயின் லைனிலேயே நிறுத்தி இறக்கினால் பின்னால் வரும் மெயில் வண்டியெல்லாம் நின்றுபோகும். அதனால் ஆவடியை அடுத்த பட்டாபிராமில் ஒரு கிளைப் பாதை பிரிந்து, சி.டி.எச். சாலையைக் குறுக்கே கடந்து கிடங்குப் பக்கம் போகிறது. ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.

போர் முடிந்தும் ராணுவம் ஆவடியை விடவில்லை. 1965 டிசம்பரில் இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிறகு சோவியத் வடிவமைப்பான டி-72, 'அஜேயா' என்ற பெயரில் இங்கே தயாரானது. அந்த டாங்கியின் தாய்வீடு, உரல் மலைப் பகுதியில் நிஸ்னி தகில் நகரில் 1936-இல் ரயில் வேகன் செய்யத் தொடங்கிய தொழிற்சாலை! டாங்கிக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு அப்படி. இன்றைய டி-90 'பீஷ்மா'வின் எடை சுமார் 46 டன். அதை எல்லைக்குக் கொண்டுபோக ரயிலே தோதான வழி.

கேள்வி: ஆவடியும் அம்பத்தூர் போலச் சென்னை மாநகராட்சிதானா?
– வாசகர், பட்டாபிராம்

பதில்: இல்லை. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, 2018-இல் சென்னை மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. ஆவடி திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்துகொண்டு 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. 48 வார்டுகளுக்கு முதல் தேர்தல் 2022-இல் நடந்தது. அதே ஆண்டு ஜனவரி 1 முதல் தனி போலீஸ் கமிஷனரகமும் வந்தது.

ஆனால் ஊர் முழுவதும் மாநகராட்சியின் கையில் இல்லை. தொழிற்சாலை எஸ்டேட் பாதுகாப்புத் துறையின் இடம். 2021 அக்டோபர் முதல் அந்தத் தொழிற்சாலை ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ஸ்டேஷனும் மின்சார ரயில் பணிமனையும் தெற்கு ரயில்வேயுடையவை. பரங்கிமலையிலும் வெலிங்டனிலும் இருப்பதுபோல கன்டோன்மென்ட் போர்டும் இங்கே இல்லை. இப்படி ஒரே ஊர் பல கைகளில் இருப்பதால் அலைவது பொதுமக்கள்தான். ஒரு குழிக்கோ தெருவிளக்குக்கோ மனு எழுதும் முன் அந்த இடம் யாருடையது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கவுன்சிலரிடமே கேட்கலாம்.