ஒரே புட்டி, பல நிறுவனங்கள்: நெகிழிக் கழிவு குறித்து மூன்று பாடவேளைகள்

நெகிழி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு அறிவுரைகளை எழுதுவார்கள்: குப்பையைத் தெருவில் போடாதே, மஞ்சப்பை எடுத்துச் செல். இரண்டும் சரியே. ஆனால் ஐந்து ரூபாய் சிப்ஸ் உறையை எந்தப் பொருளால் செய்வது என்று முடிவெடுத்தது, அதைப் பிரித்துச் சாப்பிட்ட குழந்தை அல்ல. தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதையும், அவை ஒன்றுசேர்ந்தால் என்ன மாறும் என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். இதற்காக ஏழு, எட்டாம் வகுப்புகளில் நான் பின்பற்றும் முறையைப் பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: பிரித்தறிதல்

வீட்டில் சேர்ந்த உறைகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வேன். சாக்கடையிலோ குப்பைமேட்டிலோ பொறுக்கக் கூடாது என்று முன்கூட்டியே எச்சரிப்பது அவசியம். தண்ணீர் புட்டி, பால் கவர், சிப்ஸ் மற்றும் ஷாம்பு உறை என மூன்று குவியல்களாகப் பிரிப்போம். "பழைய பொருள் கடைக்காரர் எதை வாங்குவார்?" என்று கேட்பேன். புட்டியையும் பால் கவரையும் உடனே காட்டுவார்கள். சிப்ஸ் உறையை எவரும் காட்டுவதில்லை. காரணம், அதில் வெவ்வேறு நெகிழி ஏடுகளும் மெல்லிய அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். பலபடிகள் பற்றிய அறிவியல் பாடத்தை இங்கே இணைக்கலாம்.

இரண்டாம் பாடவேளை: ஜெர்மனியின் புட்டி

உலக வரைபடத்தில் ஜெர்மனியைக் காட்டிவிட்டு இதைச் சொல்வேன். அங்குள்ள கனிமநீர் நிறுவனங்கள் தங்கள் கூட்டுறவு அமைப்பின் வழியாக 1969இல் 0.7 லிட்டர் கண்ணாடிப் புட்டி ஒன்றை அறிமுகப்படுத்தின. வடிவமைத்தவர் குந்தர் குபெட்ஸ். அதன் மேற்பகுதியில் நீர்க்குமிழிகள் போன்ற சிறு புடைப்புகள் இருக்கும். சந்தையில் போட்டியிடும் பல நிறுவனங்கள் இந்த ஒரே புட்டியைப் பயன்படுத்தின. வாங்குபவர் 15 சென்ட் முன்பணம் செலுத்துவார். காலிப் புட்டியைக் கடையில் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். கண்ணாடிப் புட்டியை 50 முறை வரையும், பிறகு வந்த கனமான பெட் நெகிழிப் புட்டியை 25 முறை வரையும் நிரப்பலாம்.

ஒருமுறை ஒரு மாணவி, "எல்லாப் புட்டியும் ஒண்ணா இருந்தா எது யாரோட தண்ணின்னு எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டாள். பாடத்தின் மையமே அதுதான். பெயர்ச்சீட்டு வேறு, தண்ணீர் வேறு; போட்டி அவற்றில் தொடர்கிறது. புட்டியில் மட்டும் ஒத்துழைப்பு.

பொதுவான வடிவத்தின் பயனை ஒரு விளையாட்டு புரியவைக்கும். வகுப்பறையின் நான்கு மூலைகளும் நான்கு நிறுவனங்கள். ஒரு நிறத்துக்கு ஐந்து வீதம் நான்கு நிற அட்டைகளைக் கலந்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். முதல் சுற்றில் அட்டையை அதன் நிறத்துக்குரிய மூலையிலேயே சேர்க்க வேண்டும். மாணவர்கள் தம் இடத்துக்குத் திரும்பியபின் இரண்டாம் சுற்று. அதில் அருகிலுள்ள எந்த மூலையிலும் சேர்க்கலாம். இரு சுற்றுகளிலும் நடந்த காலடிகளைக் கூட்டி ஒப்பிட்டால், லாரி ஓடும் தூரம் ஏன் குறைகிறது என்பதை அவர்களே சொல்வார்கள்.

கணக்குக்கும் இடமுண்டு. ஆயிரம் முறை தண்ணீர் நிரப்ப, ஒருமுறை பயன்படுத்தும் புட்டிகள் 1000 வேண்டும். 50 முறை நிரப்பும் புட்டிகள் எத்தனை வேண்டும்? 20 போதும்.

வீட்டுப்பாடமாகத் தாத்தா, பாட்டியிடம் கோலி சோடா பற்றிக் கேட்டுவரச் சொல்லலாம். காலிப் புட்டியைத் திருப்பி வாங்கி, கழுவி, மீண்டும் நிரப்பும் பழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல என்று தெரியவரும்.

மூன்றாம் பாடவேளை: உடன்பாடும் சட்டமும்

இந்தியத் தொழிற் கூட்டமைப்பும் உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளையும் இணைந்து 2021 செப்டம்பரில் இந்திய நெகிழி உடன்பாட்டைத் தொடங்கின. அதில் சேரும் நிறுவனங்களின் பொது இலக்குகளுள் ஒன்று, 2030க்குள் நெகிழி உறைகள் அனைத்தையும் மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ ஏற்றவையாக மாற்றுவது. இது விருப்பத்தின்பேரில் சேரும் உடன்பாடு. நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 அப்படியல்ல. தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் தங்கள் உறைக் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று கட்டாயமாக்குகின்றன. இப்பொறுப்புக்கான விரிவான நெறிமுறைகள் 2022 பிப்ரவரியில் வெளிவந்தன.

"விருப்பம் போதுமா, சட்டம் வேண்டுமா?" என்று வகுப்பை இரு அணிகளாக்கி விவாதிக்கவிடுவேன். ஒரு நிறுவனம் மட்டும் கூடுதலாகச் செலவிட்டால் அதன் பொருள் விலை ஏறும். வாங்குவோர் மற்றதற்குப் போவார்கள். எனவே எல்லோரும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். இதை எந்த அணி முதலில் எட்டுகிறது என்று கவனியுங்கள்.

மதிப்பீடு

1. சிப்ஸ் உறையை மறுசுழற்சி செய்வது ஏன் கடினம்?
2. போட்டி நிறுவனங்கள் எதைப் பகிரலாம், எதைப் பகிரத் தேவையில்லை?
3. உறையில் அச்சிட்ட நிறுவன முகவரிக்கு, அந்த உறையில் என்ன மாற்றம் வேண்டும் எனக் கடிதம் எழுதுக.

மூன்றாவது வினாவைத் தமிழ்ப் பாடத்தின் அலுவலகக் கடிதப் பயிற்சியாகவும் கொள்ளலாம். தலைமையாசிரியரின் அனுமதியுடன் சிறந்த கடிதங்களை அஞ்சலில் அனுப்பினால், தேர்வுத்தாளுக்கு வெளியேயும் தாம் எழுதுவதைப் படிக்க ஆளிருக்கிறது என்பதை மாணவர்கள் உணர்வார்கள்.