நிழல் விழுந்த அங்கி

அன்புத் தம்பிக்கு,

ரெம்ப்ராண்ட் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். 2019-இல் லூவர் அபுதாபி மக்கள் பார்வைக்கு வைத்த அந்தச் சிறு பலகை ஓவியத்தில், கைகளைக் கோத்திருக்கும் இளைஞனிடம் தொடங்கி, இயேசு நோயாளிகளைக் குணமாக்கும் ‘நூறு கில்டர்’ எட்சிங்குக்கு நீ போன வழி சரியானது. இயேசுவின் முகத்தைத் தேடித்தான் ரெம்ப்ராண்ட் அப்படிப்பட்ட தலைகளை வரைந்தார்.

ஆனால் “ஒளி முழுவதும் இயேசுவிடமிருந்தே பிறக்கிறது, ஒளி என்பது அருள்” என்று எழுதிவிட்டாயே! அங்கே எனக்குக் கோபமே வந்துவிட்டது. முழங்காலிட்டுக் கும்பிடும் பெண்ணின் கைநிழல் அவர் அங்கியில் விழுந்திருக்கிறது, பார்த்தாயா? வெளிச்சம் அவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர்மேலேயே நிழல் எப்படி விழும்? குணமாக்கும் படம் என்கிறோம், அவர் கையோ எந்த நோயாளியையும் தொடவில்லை. அந்தப் பெண்ணின் நிழல்தான் அவரைத் தொடுகிறது. முழுப் படமும் அந்த ஒரு தொடுதலில் நிற்கிறது, நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய்.

எண்பதுகளில் துபாயின் தேராவில் கடை போர்டு எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் மேஸ்திரி, “கண்ணைச் சுருக்கிப் பாரு, இருட்டு எங்கே இருக்குன்னு முதல்ல சொல்லு” என்பார். பெயரும் பொருளும் அப்புறம்தான். இன்றைக்கும் யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்கிறேன்: ஒரு படத்தைப் பென்சிலால் ஒருமுறையாவது வரைந்து பார்க்காமல் அதைப் பற்றி எழுதாதே. வரைந்திருந்தால் அந்த நிழல் உன் கையிலேயே வந்திருக்கும்.

படத்தில் வரும் ஒட்டகம் வேறு. “கீழைத்தேயச் சூழலுக்காக” என்கிறாய். வளைகுடாவில் இருப்பதால் ஒட்டகம் நமக்குப் பின்னணியாகிவிட்டது. மத்தேயு 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார். ஒட்டகம் நுழையும் ஊசியின் காது அங்கே இருக்கிறது, சொத்தை விட மனமில்லாமல் போன இளைஞனும் அங்கேதான் இருக்கிறான். படத்தில் அவன் இடப்பக்கம் மோவாயில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான், ஒட்டகம் எதிர்ப்பக்க வாசலில் நிற்கிறது. நடுவே நோயாளிகள். அதே அதிகாரத்தில் வரும் குழந்தைகளும் தாய்மாரும் படத்தில் உண்டு. ஓர் அதிகாரம் முழுவதையும் ஒரே செப்புத் தகட்டில் ஏற்றியிருக்கிறார் மனுஷன்.

அதே படத்தில் தள்ளுவண்டியில் கிடப்பவனைப் பற்றி, “இவனை இவ்வளவு தூரம் தள்ளி வந்தவன் யார்?” என்று கேட்டிருக்கிறாயே, அது இதுவரை நான் எங்கும் படிக்காத கேள்வி. சத்வாவில் எங்கள் அறையில் ஒருவனுக்குக் காய்ச்சல் முற்றியபோது, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் போர்வையில் கிடத்தி நாலு பேர் இறக்கினோம். கீழே டாக்ஸி வரும்வரை அவன் என் விரலை விடவில்லை. உன் வரியைப் படித்ததும் போர்வை முனையைப் பிடித்த வலி மறுபடி கைக்கு வந்தது. இப்படி ஒரு வரி எழுத எனக்கு வாய்க்கவில்லை. அந்தப் பத்தியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே.

ஒட்டகப் பத்தியை எடுத்துவிடு. நிழலைப் பற்றிப் புதிதாக எழுதி, பென்சில் படத்தோடு அனுப்பு. வெள்ளிக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், நேரில் கொண்டுவந்தாலும் சரி.

அன்புடன்,
அண்ணன்