வலைவழியில் முன்னுரிமை

நள்ளிரவில் ஒரு கல்லூரி விடுதி மாணவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டதெனக் கொள்வோம். விடுதிக் காவலர் கணினிவலை வழியாகச் செல்லுந் தொலைபேசியை எடுத்து மருத்துவரை அழைக்கின்றார். அதே வேளையில் மாடியறைகளிற் சிலர் பெருங்கோப்புகளை இறக்கிக்கொண்டிருக்கின்றனர். மருத்துவர் கூறும் மருந்தின் அளவு அரையுங் குறையுமாய்ச் செவியில் விழுகின்றது. கம்பி அறுந்திலது, கருவியும் பழுதுற்றிலது. குற்றம் யாண்டுளது?

வலையிற் செல்லுஞ் செய்தி யாவுஞ் சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்லும். அவற்றை உரிய வாயில்தோறுஞ் செலுத்துவது சுவிட்ச் என்னுங் கருவி. ஒரே வாயிலுக்குப் பல பொதிகள் ஒருங்கே வரின், அவை வரிசையிற் காத்து நிற்கும். வினாடிக்கு 10 கோடி பிட்டுகள் செல்லுந் தடத்தில், 1500 பைட்டுப் பொதியொன்று வெளியேற வினாடியின் ஆயிரத்திலொரு கூறாகிய மில்லிவினாடியில் 0.12 பங்கு செல்லும். அத்தகையன 500 முன்னே நிற்பின், பின்வந்த குரற்பொதி 60 மில்லிவினாடி நிற்க நேரும். கோப்பிற்கு இஃது ஒரு பொருட்டன்று. குரலோ 20 மில்லிவினாடிக்கு ஒரு பொதியாகச் சீராய் வந்து சேரவேண்டுவது. இடையில் எறியப்பட்ட கோப்புப்பொதியை மீண்டும் அனுப்பலாம். குரலை மீண்டும் அனுப்பிப் பயன் என்னை?

ஆதலின் ஒரு வாயிலுக்கே பல வரிசைகள் வகுத்தனர். ஈதர்நெட்டுப் பொதியில் இடப்படும் 4 பைட்டுக் குறிச்சீட்டில் 3 பிட்டுகள் முன்னுரிமைக்கென உள்ளன; அவற்றால் 0 முதல் 7 வரை எட்டுத் தரங்கள் அமையும். (விந்தை யாதெனில், 0 கடைத்தரமன்று, 1 என்பதே அதனினுந் தாழ்ந்தது.) இணையநெறித் தலைப்பிலோ 6 பிட்டுகளால் 64 குறிகள் இடலாகும், குரலுக்கு 46 இடுதல் வழக்கு. சுவிட்ச் இக்குறி நோக்கிக் குரற்பொதியைத் தனிவரிசையில் நிறுத்தி முதற்கண் விடுக்கும். புறப்பட்டுவிட்ட பொதியை மட்டும் பொதுவாக இடைமறிப்பதில்லை.

இம்முறையால் தடம் ஓர் இம்மியும் அகலாது. யார் காத்திருப்பதென்பதே மாறும். முதல்வரிசைக்கு வரம்பிடாவிடின் ஏனைய வரிசைகள் பட்டினி கிடக்கும். அன்றியும், தன் கோப்பிற்குத் தானே 46 என்று குறியிட்டுக்கொள்ளும் கெட்டிக்காரன் எவ்விடத்தும் உளன். எல்லாரும் முதல்வராயின் பழைய ஒற்றைவரிசையே மிஞ்சும். எனவே தொலைபேசி வாயிலில் வருங் குறியை மட்டும் நம்பி, மாணவர் கணினி வாயில்களில் வருவனவற்றை 0 என மாற்றுமாறு சுவிட்சை அமைப்பர். இது கடுமையன்று, நீதியே என்பது என் துணிபு.

இனி, நம் காவலரிடம் மீள்வோம். விடுதிச் சுவிட்சை மட்டும் இவ்வாறு அமைத்தால், அவர் குரல் மருத்துவருக்குத் தெளிவாய்க் கேட்கும். மருத்துவர் குரலோ முன்போலவே சிதையும். இறக்கப்படுங் கோப்புகள் விடுதியை நோக்கி வருவன. அவற்றின் வரிசை, அனுப்பும் முனையாகிய தலைமைக் கட்டடச் சுவிட்சிலன்றோ நீள்கின்றது? அமைப்பு வேண்டுவது அவ்வாயிலிலும்.